எண்ணெய் டேங்கிலும் வேலை செய்யும்
"கெப்பாசிட்டிவ் லெவல் சென்சார் மின்சாரம் கடத்தும் திரவத்துக்கு மட்டும்தான், டீசல் டேங்கில் வேலைக்கு ஆகாது" என்று, டேங்கில் மட்டம் அளக்கும் இந்தக் கருவியைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது தவறு. அது, திரவத்தின் வழியே மின்சாரம் பாய்வதை வைத்து மட்டம் அறியும் கடத்துதிறன் சென்சாரின் கதை. இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்.

கெப்பாசிட்டிவ் சென்சாரில், டேங்குக்குள் இறங்கும் கம்பி மின்தேக்கியின் ஒரு தகடு, டேங்கின் உலோகச் சுவர் இன்னொரு தகடு. இடையில் காற்று இருந்தால் டைஎலக்ட்ரிக் மதிப்பு (இடையில் உள்ள பொருள் மின்னேற்றம் சேர எவ்வளவு உதவுகிறது என்ற எண்) 1. டீசல் ஏறினால் சுமார் 2. தண்ணீர் என்றால் 80 பக்கம். மட்டம் ஏற ஏற கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் திறன்) கூடுகிறது, அளப்பது அதைத்தான். சொல்லப்போனால் கடத்தும் திரவத்தில்தான் தொல்லை: வெறும் கம்பி ஷார்ட் ஆகிவிடும், டெஃப்லான் உறை போட்டாக வேண்டும்.

குறை சொல்வதென்றால் வேறு இருக்கிறது. தானியத் தொட்டியில் வைத்தால், தானியத்தின் ஈரப்பதம் கூடும்போது மட்டம் அசையாமலே ரீடிங் ஏறும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் சுவர் உதவாது, தனியாக இன்னொரு எலக்ட்ரோடு வேண்டும்.