மற்றத் திறப்பு

போன கிழமை பள்ளிக்கூடம் முடிந்து வந்து பார்த்தால், காலையில் கொடியில் காயவிட்ட உடுப்பெல்லாம் என் கட்டிலில் மடித்துக் கிடக்கிறது. உள்ளாடையும் சேர்த்து. மழை வந்ததாம். வீட்டுக்கார அம்மா தன்னிடமிருந்த மற்றத் திறப்பால் கதவைத் திறந்து உள்ளே வைத்திருக்கிறார். நல்ல மனுசி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. மேசையில் கிடந்த வங்கிப் புத்தகம், மருந்துத் துண்டு எல்லாம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

கிளிநொச்சியில் இது எனக்கு மூன்றாவது வாடகை வீடு. முதல் வீட்டுக்காரர் தேங்காய் பிடுங்க வருவார், வந்த கையோடு குசினியையும் ஒருக்கால் எட்டிப் பார்ப்பார். இரண்டாவது வீட்டில் என்னிடம் யார் வந்தது, எப்போது போனது என்று கணக்கு. கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "எங்கட வீடுதானே பிள்ளை."

உங்கட வீடுதான், காணி உறுதியும் உங்கட பெயரில்தான். ஆனால் மாதம் பிறந்தால் வாடகை தந்து குடியிருப்பது நான். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 427ஆம் பிரிவு, அத்துமீறலில் வீடு யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. அங்கே இருப்பது யார் என்றுதான் பார்க்கிறது. ஆனால் குற்றமாவதற்கு வேறு குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ எண்ணம் வேண்டும். உடுப்பு மடித்த மனுசியை அதற்குள் இழுக்க எனக்கு விருப்பமில்லை. உடன்படிக்கையில் நாலு வரி எழுதினால் தீருகிற விசயம் இது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும் என்று 1840இலிருந்தே சட்டம் இருக்கிறது. எங்கள் பக்கம் யார் எழுதுகிறார்கள்? வாய்ப்பேச்சு, முற்பணம், திறப்பு, சரி.

எனக்கு விளங்காதது வேறொன்று. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் கிடந்த சனம் நாங்கள். நான் உடுப்பு மாற்றும்போது அம்மா சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாவில் சுவர் பூசக்கூடக் காசு மிஞ்சவில்லை. முன்கதவுக்கு மட்டும் அம்மா தனியாகச் சீட்டுப் போட்டார். வன்னியில் கதவின் அருமையை யாருக்கு விளங்கப்படுத்துவது?

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். "திறப்பு உங்களிட்டையே இருக்கட்டும் அம்மா. ஆனால் திறக்க முதல் ஒரு கோல் எடுங்கோ."

"அப்ப மழைக்கு உடுப்பு நனையட்டும் எண்டு விடவோ?"

"நனையட்டும் அம்மா."

இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நேற்றுத்தான் வேலிக்கு மேலால் நாலு முருங்கைக்காய் நீட்டினார்.