இடம் நிரப்ப எழுதியதுதான், அதற்கென்ன?

சனிக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. அமெரிக்கப் பத்திரிகைகளில் எழுதி, பிறகு ஜப்பானுக்குப் போன எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்னைப் பற்றி நான் பத்து நிமிடம் பேசி உட்கார்ந்ததும் மைக்கைப் பிடித்த பெரியவர், "பத்திரிகையில் இடம் நிரப்ப ஊர் சுற்றி எழுதினதையெல்லாம் இலக்கியம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

ஐயா, இடம் நிரப்ப எழுதியதுதான். யார் இல்லை என்றது? 1877 கடைசியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் வந்து இறங்கிய ஹெர்னுக்குச் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். அடுத்த வருஷம் அந்தத் துறைமுக ஊரில் மஞ்சள் காய்ச்சலுக்கு 4,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருஷம்தான் 'டெய்லி சிட்டி ஐட்டம்' என்ற சின்னப் பத்திரிகையில் வேலை கிடைத்தது. நடுவில் எதை எடுத்தாலும் 5 சென்ட் என்று ஒரு சாப்பாட்டுக்கடை வேறு போட்டார். பங்காளி பணத்தோடு ஓடிவிட, சில வாரத்தில் கடை காலி. அப்புறமும் நடந்தார், எழுதினார். விடியற்காலையில் பழக்காரனும் கரிக்காரனும் எப்படிக் கூவுகிறார்கள், பழைய பிரெஞ்சு வீட்டு முற்றங்கள், குடியிருப்பவரைப் பாடாய்ப்படுத்தும் வீட்டுக்காரிகள். 1880-ல் தன் கையால் மரத்தில் செதுக்கிய கேலிப்படங்களும் சேர்ந்தன. பள்ளிக்கூட வயதிலேயே ஒரு கண் போய்விட்டது, மிச்சமிருந்ததும் கிட்டப்பார்வை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்ததை, இரண்டு கண்ணும் உள்ளவர்கள் பார்க்கவில்லை.

இடம் நிரப்பத்தான் எழுதினார். பெரும்பாலும் பெயர்கூடப் போடாமல். 1904-ல் ஜப்பானில் இறந்து, இருபது வருஷம் கழித்து 1924-ல்தான் யாரோ பழைய தாள்களைப் புரட்டித் தொகுத்தார்கள்.

"வெள்ளைக்காரன் வேடிக்கை பார்த்தது" என்று இப்போது ஒருவர் வருவார். சரி, அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கறுப்பின மக்களைச் சில இடங்களில் அழகான காட்சியாக மட்டுமே பார்த்தார், எனக்கும் உறுத்தியது. ஆனால் அதற்கு முன் சின்சினாட்டி என்ற அமெரிக்க ஊரில், வெள்ளையர்-கறுப்பர் கல்யாணத்தைத் தடுத்த சட்டத்தை மீறி ஒரு கறுப்பினப் பெண்ணைக் கல்யாணம் செய்து, அதனாலேயே 1875-ல் பத்திரிகை வேலையை இழந்தவரும் இவர்தான். கேட்கிறவர்கள் அதையும் சேர்த்துக் கேளுங்கள். கல்யாணம் நிலைக்கவில்லையே என்று இழுக்காதீர்கள், அது வேறு பேச்சு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் இடம் நிரப்பியவன்தான். இருபது வருஷத்துக்கு முன் தூத்துக்குடியில் ஒரு வாரப் பத்திரிகைக்கு, துறைமுகப் பக்கம் நடந்து பார்த்ததை எழுதிக் கொடுப்பேன். ஒரு வாரம் நகைக்கடை விளம்பரம் வந்து பாதியை வெட்டினார்கள். மீதிப் பாதியில் தோணியின் பாய்மரத்தையும், பாயைக் கட்டும் குறுக்குக் கட்டையான பருமலையும் மாற்றி எழுதியிருந்தேன். மறுநாள் டீக்கடையில் தோணி கட்டும் தச்சர் ஒருவர், ஓடாவி என்போம், பேப்பரை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஏல, பாத்துட்டு எழுதினியா, பாக்காம எழுதினியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். அப்படியே கூட்டிப்போய், தோணியில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

இதுதான் ஐயா வித்தியாசம். அந்தந்த ஊருக்கே எழுதுகிறவனை மறுநாள் காலையில் ஊர் பிடித்துக்கொள்ளும். ஹெர்ன் கரிக்காரன் குரலைத் தப்பாக எழுதியிருந்தால், ஜன்னலைத் திறந்த எந்தக் கிழவியும் சொல்லியிருப்பாள். உங்கள் நாவலில் வரும் கடற்கரையை எந்த ஓடாவி படித்தார்? கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து எழுதி, கடலே இல்லாத ஊரில் விருது வாங்கினீர்கள். நான் ஏதாவது சொன்னேனா?

பொறாமையில் பேசுகிறான் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சிரித்தவர்களில் இரண்டு பேர் இருபது வருஷத்துக்கு முன் என் பத்தியைப் பாராட்டி இன்லேண்ட் லெட்டர் போட்டவர்கள். இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.