நைஸ் என்றால் முட்டாளா?

ஆங்கிலத்தில் ‘நைஸ்’ என்ற சொல்லின் உண்மையான பொருள் முட்டாள், அதனால் யாரையும் அப்படிப் பாராட்டாதீர்கள் என்று ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் பாதி சரி, மீதி பெரிய தப்பு.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ என்பது இல்லை, ‘ஸ்கீரே’ என்பது அறிதல். ‘சயின்ஸ்’ பிறந்ததும் இதே ‘ஸ்கீரே’யிலிருந்துதான். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ‘நைஸ்’ என்றால் அசடு, மூடன். 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்திலும் அப்படித்தான். ஸ்பானிய மொழியில் அதே வேரிலிருந்து வந்த ‘நெசியோ’ இன்றைக்கும் முட்டாளைத்தான் குறிக்கிறது.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். அசட்டைக் குறித்த சொல் கோழையையும் குறித்தது. பிறகு எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கிற, லேசில் திருப்தி அடையாத ஆளுக்கு அந்தப் பெயர் வந்தது. அப்படிப்பட்ட ஆள் எதையும் பார்த்துப் பார்த்துத்தானே செய்வார்? அந்த வழியில் 1500களில் அது ‘நுணுக்கமான, துல்லியமான’ என்று ஆகிவிட்டது. சட்டம் பேசுகிறவர்கள் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் இன்றும் அந்தப் பொருள்தான், மயிரிழை வேறுபாடு. 1815இல் நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போர் முடிந்ததும் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபு அதை ‘நைஸ் திங்’ என்றார். ஆயிரக்கணக்கானோர் செத்துக் கிடந்த களத்தை இனிமையானது என்று அவர் சொல்லவில்லை. எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கும், நூலிழையில் தப்பினோம் என்றார். ‘இனிமையான’ என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. அன்பானவர் என்ற பொருள் அதற்கும் பிந்தியது.

மாற்றம் வந்தால் எதிர்ப்பும் வரத்தானே செய்யும். ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் ஆபி’ நாவலில் கேத்தரின் என்ற பெண், தனக்குப் பிடித்த நாவலை உலகத்திலேயே நைஸான புத்தகம் என்கிறாள். உடனே ஹென்றி டில்னி மடக்குகிறான்: நைஸ் என்றால் நேர்த்தி என்றுதானே சொல்கிறாய், அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்தது! முதலில் இந்தச் சொல் நேர்த்திக்கும் நாகரிகத்துக்கும் மட்டும் இருந்திருக்கும், இப்போது எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது என்பது அவன் குறை. இங்கேதான் எனக்கு ஆர்வம். அவன் ‘முதலில்’ என்று நினைக்கிற பொருளே இடையில் வந்ததுதான். அதற்கு முன்னால் முட்டாள் இருக்கிறான். லத்தீனையும் தாண்டிப் போனால் வேறொன்று இருக்கும். எந்தப் படியில் நின்று இதுதான் உண்மைப் பொருள் என்று சொல்வது?

வேர்ச்சொல் தேடுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆனால் வேர் என்பது வரலாறு. பேசுகிறவரும் கேட்கிறவரும் இன்று எப்படிப் புரிந்துகொள்கிறார்களோ, அதுதான் பொருள். ஒருவர் மனதாரப் பாராட்டும்போது 700 வருடத்துக்கு முந்தைய அர்த்தத்தைக் காட்டி அவர் வாயை அடைப்பது அறிவு ஆகாது.

இதே கோணல் நம் பக்கமும் உண்டு. ‘நைஸா அரைங்க’ என்று சொல்பவரைப் பார்த்து, இங்கிலீஷைத் தப்பாகப் பேசுகிறார் என்று சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபமே வரும். மாவு மில்லில் அரிசியை வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, “நைஸா வேணுமா, கொரகொரன்னு வேணுமா?” முறுக்குக்கு என்றால் நைஸ், புட்டுக்கு என்றால் கொரகொர. அரைக்கிறவர் மிஷின் வாயில் கட்டிய துணிக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை மாவெடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு மிஷினின் திருகாணியை இன்னும் கொஞ்சம் இறுக்குவார். அவ்வளவு துல்லியமான தொழில் சொல் அது. 1500களின் ஆங்கிலேயனுக்குக்கூட இந்த ‘நைஸ்’ அந்நியமாக இருந்திருக்காது.

‘நைஸா நழுவிட்டான்’ என்றால் யாருக்கும் தெரியாமல், சத்தமில்லாமல். ‘அப்பாவை நைஸ் பண்ணி பைக் வாங்கிட்டான்’ என்றால் குழைந்து பேசிக் காரியம் சாதிப்பது. இவற்றை லண்டனில் போய்ச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. இவை நாம் உண்டாக்கிய பொருள்கள். ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுச் சொல்லை எடுத்துத் தங்கள் இஷ்டத்துக்கு வளைத்தால் அது மொழி வளர்ச்சி, நாம் செய்தால் கொச்சையா? தமிழ் அகராதிகள் ‘நைஸ்’ என்பதற்கு இத்தனை பொருளையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் ஊரில் இது வேறு எப்படியெல்லாம் புழங்குகிறது? தெரிந்தால் எழுதுங்கள், தொகுத்து வைக்கிறேன்.