இலக்கு மாறினால் கணக்கும் மாற வேண்டும்

இருபத்திரண்டு வயதில் எடுத்த முடிவை முப்பத்தைந்தில் மறுபடி கையில் எடுத்துப் பார்க்க நம்மில் பலருக்குக் கூச்சம். சிறுசேரி ஐடி நிறுவனத்தில் மேனேஜர் பதவி வரை ஏறிய பிறகு, தனக்குப் பிடித்தது புரோகிராம் எழுதுவதுதான், ஆட்களை நிர்வகிப்பது இல்லை என்று புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அண்ணா நகர் விடுதியில் தங்கி நாலாவது முறை யூபிஎஸ்சி பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) எழுதிவிட்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போகத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆன்சைட் என்று வெளிநாடு போகும் கனவோடு வேலைக்குச் சேர்ந்து, இன்று வயதான பெற்றோரை விட்டு நகர மனம் வராதவர்களும் உண்டு. எல்லாரும் சொல்வது ஒரே வரிதான்: "இவ்வளவு வருஷம் போட்டாச்சே."

போட்ட வருஷம் எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராது. அதனால் அதை அடுத்த முடிவுக்கான காரணமாக வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இலக்கு மாறுவது இயல்பு. மாற்றுகிறவர்கள் அடிபடும் இடம் வேறு. ரிசல்ட் வந்த இரவிலோ அப்ரைசல் முடிந்த மாலையிலோ முடிவெடுக்கிறார்கள். பணக் கணக்கைப் பாதியில் நிறுத்துகிறார்கள். வாங்க வேண்டிய ஆவணங்களை வாங்காமல் வெளியே வருகிறார்கள்.

தேர்வு எழுதுகிறவர்களிடமிருந்து தொடங்குகிறேன். யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை 6 முறை. ஓபிசிக்கு 35 வயது வரை 9 முறை. எஸ்சி, எஸ்டி பிரிவினர் 37 வயது வரை எத்தனை முறையும் எழுதலாம். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் முறை கழியாது. பிரிலிம்ஸில் ஒரே ஒரு தாளுக்கு உட்கார்ந்தாலும் கழிந்துவிடும். "சும்மா போய்ப் பார்க்கலாம்" என்று முதல் வருடம் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

நிறுத்துவதா, தொடர்வதா என்பதற்கு எத்தனை முறை எழுதினோம் என்பதைவிட, எங்கே நின்றோம் என்பதே சரியான அளவு. பிரிலிம்ஸின் இரண்டாவது தாளான சிசாட்டில் 33 சதவீதம் எடுத்தால் போதும். அங்கே மட்டும் விழுந்தவருக்குக் கணக்கும் ஆங்கிலப் பத்தி வாசிப்பும்தான் குறை. மூன்று மாத உழைப்பில் சரியாகிவிடும். மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) வரை போய் விருப்பப் பாடத்தில் மதிப்பெண் இறங்கியவர் இன்னொரு முறை எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் முழு நேரமாகப் படித்தும் முதல் தாளில் மூன்று வருடம் கட் ஆஃபுக்கு 20, 25 மதிப்பெண் கீழேயே நிற்கிறார் என்றால், நாலாவது வருடமும் அதே விடுதி, அதே நோட்ஸ், அதே டெஸ்ட் சீரிஸ் என்று போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதை மாற்றப்போகிறோம் என்று ஒரு வரி எழுத முடியாவிட்டால் அந்த முயற்சி வேண்டாம். எங்கே நிறுத்துவது என்ற இந்த எல்லையை விண்ணப்பம் போடும் நாளிலேயே எழுதி வையுங்கள். ரிசல்ட் நாளில் எழுதினால் அழுகையும் கோபமும்தான் எழுதும்.

பணம் தீர்வதும் முடிவைக் கெடுக்கும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில், யூபிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களில் மதிப்பீட்டுத் தேர்வில் தேறும் 1,000 பேருக்குப் பத்து மாதம், மாதம் 7,500 ரூபாய் கிடைக்கிறது. பிரிலிம்ஸ் தேறினால் 25,000. விடுதி வாடகைக்கு வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு அவசரமாக விலகுகிறவர்கள் முதலில் இதற்கு எழுதிப் பார்க்க வேண்டும்.

யூபிஎஸ்சியிலிருந்து டிஎன்பிஎஸ்சிக்கு மாறுகிறவர்கள் சறுக்கும் இடம் தமிழ். "பெரிய தேர்வுக்கே படித்தோம், இது எளிது" என்று போகிறார்கள். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். அதற்குச் சமச்சீர் பாடநூலை வரி வரியாகப் படிக்க வேண்டும். நூல் வெளிக் குறிப்பும் அருஞ்சொற்பொருளும் சேர்த்து. குரூப் 1 மெயின்ஸில் தமிழ்த் தகுதித் தாளில் நூற்றுக்கு 40 எடுக்காவிட்டால் மற்ற தாள்களின் மதிப்பெண் கணக்கிலேயே வராது. ஆங்கில வழியில் படித்தவர்கள் இதற்குத் தனியாக மூன்று நான்கு மாதம் ஒதுக்குவதே நல்லது.

இனி வேலையில் இருக்கிறவர்கள். இங்கேதான் கணக்கு அதிகம்.

"ஆறு மாச செலவு கையில இருக்கு" என்று ராஜினாமா எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாதச் செலவை மட்டும் கூட்டியிருப்பார்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், எல்ஐசி, சொத்து வரி, தீபாவளி, ஒன்றிரண்டு கல்யாண மொய் எல்லாம் விட்டுப்போயிருக்கும். வாடகை, மளிகை, ஈஎம்ஐ எல்லாம் சேர்த்து மாதம் 50,000 என்று வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வருபவை 1,80,000 என்றால் மாதத்துக்கு 15,000 ஏறும். உண்மையான செலவு 65,000. பன்னிரண்டு மாதத்துக்கு 7,80,000. ஆறு மாதத்துக்கென்று வைத்த மூன்று லட்சம் ஐந்தாம் மாதம் முடிவதற்குள் தீரும். அப்போது கிடைத்த வேலையில் போய் உட்கார்ந்து, "முயற்சி பண்ணிப் பார்த்தேன், சரிவரல" என்பார்கள். சரிவராதது கையிருப்பு, இலக்கைச் சோதிக்கவே இல்லை.

வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு, நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் ஆனாலே போதும் என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றதுண்டு. ஆனாலும் வழக்காடி வாங்குவதைவிட இன்னும் சில மாதம் இருந்து வாங்குவது மேல். கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தில் கணக்குக்கு எடுக்கும் தொகையை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 40,000, வருடம் எட்டு என்றால் சுமார் 1,84,600 ரூபாய். மேலே சொன்ன குடும்பத்துக்கு இது மூன்று மாதச் செலவுக்குக் கொஞ்சம் குறைவு.

பிஎஃப் பணத்தை எடுத்துவிடும் ஆசையை அடக்குங்கள். ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. பழைய நிறுவனத்தின் கணக்கை மாற்றிச் சேர்த்திருந்தால் அந்த வருடங்களும் இதில் சேரும். பென்ஷன் பகுதிக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். எட்டு வருடம் முடித்தவர் அந்தத் தொகையை எடுத்தால் எட்டும் போயிற்று. எடுக்காமல், சேவை வருடங்களுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், பின்னால் எங்கே சேர்ந்தாலும் மீதி இரண்டை முடித்துக்கொள்ளலாம். பழைய நிறுவனம் பிஎஃப் தளத்தில் உங்கள் விலகல் தேதியைப் பதிந்ததா என்று பாருங்கள். அது இல்லாமல் கணக்கை மாற்றும் விண்ணப்பம் நகராது.

மருத்துவக் காப்பீட்டை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கம்பெனி காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தனி பாலிசியில் 36 மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், வேலையை மாற்றும் எண்ணம் லேசாக வந்த அன்றே பாலிசி எடுத்துவிடுங்கள். காத்திருக்கும் காலம் சம்பளம் வரும்போதே கரையட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. வீட்டுக் கடன் ஈஎம்ஐயைக் குறைக்க வங்கியிடம் பேசுவதும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். வேரியபிள் பே (செயல்திறனைப் பொறுத்து வரும் தொகை) எந்தத் தேதியில் வருகிறது, ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்பார்களா, நோட்டீஸ் 90 நாளா என்பதையெல்லாம் ஆஃபர் லெட்டரில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: புதிய வேலையைச் செய்து பார்ப்பது. அதைப் பற்றிப் படிப்பதோ யூடியூப் பார்ப்பதோ இதில் சேராது. வாரம் பத்து மணி நேரம், எட்டு வாரம். ஆசிரியராக ஆசைப்படுகிறவர் சனி, ஞாயிறில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து நோட்டும் திருத்திப் பார்க்கட்டும். வகுப்பு பிடித்து, திருத்துவது பிடிக்காமல் போகிறவர்கள் நிறைய. மதுராந்தகம் பக்கம் நிலம் வாங்கி விவசாயம் என்கிறவர்கள் வாங்குவதற்கு முன்னால் அங்கே ஒருவரோடு சேர்ந்து ஒரு நெல் போகம் முழுக்க நிற்க வேண்டும். நாலு, நாலரை மாசம். நடவுக்கு ஆள் கிடைக்காத வாரத்தையும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று மூட்டை காத்துக் கிடக்கும் நாளையும் பார்த்துவிட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடட்டும். டேட்டா சயின்ஸ் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் படிப்பு நல்ல சோதனைக் களம். நாலு வாரத் தகுதிச் சுற்று, பிறகு எட்டுப் பாடங்கள் கொண்ட அடிப்படை நிலை. அங்கேயே சான்றிதழோடு வெளியேறலாம். முப்பதைத் தாண்டியவர்களுக்கும் இடம் உண்டு.

மாறும்போது ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதன்பின் உயிரியல் படிக்க மறுபடி மாணவராகச் சேர்ந்தார். 2009இல் வேதியியல் நோபல் பெற்றார். நோபலைவிட, பட்டம் வாங்கியவர் மறுபடி மாணவர் பெஞ்சில் உட்கார்ந்ததுதான் எனக்கு முக்கியம். பத்து வருட அனுபவத்தோடு புதிய துறைக்கு வந்து, பழைய சம்பளத்தையும் பழைய பதவிப் பெயரையும் கேட்கிறவர்களுக்கு நேர்காணலே கிடைப்பதில்லை. சம்பளம் எவ்வளவு இறங்கினால் குடும்பம் தாங்கும் என்ற எண்ணை முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

பழையது முழுக்க வீணாவதும் இல்லை. கிரிக்கெட் வீரர் வருண் சக்கரவர்த்தி விக்கெட் கீப்பராகத் தொடங்கி, கட்டடக் கலை படித்து வேலை பார்த்து, வேகப்பந்து வீச்சாளராக ஆட்டத்துக்குத் திரும்பி, முழங்கால் காயத்துக்குப் பிறகு சுழலுக்கு வந்தவர். டென்னிஸ் பந்தில் பழகிய விரல் வித்தைகள் அங்கே கைகொடுத்தன. உங்கள் பழைய வேலையில் அப்படி எது கைவசம் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். டெஸ்டிங் பார்த்தவருக்குத் தவறு தேடும் கண் இருக்கும். சப்போர்ட் பார்த்தவருக்குக் கோபத்தில் இருக்கும் ஆளிடம் பேசத் தெரியும்.

வீட்டில் சொல்வது கடைசி வேலை, கடினமான வேலையும் அதுதான். "எனக்கு இதில் மனசு இல்லைப்பா" என்று தொடங்கினால், "யாருக்குத்தான் மனசு இருக்கு" என்று அப்பா முடித்துவிடுவார். ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொண்டு உட்காருங்கள்: கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், எந்தத் தேதியில் மறுபடி யோசிப்போம், சரிவராவிட்டால் எந்த வேலைக்குத் திரும்புவோம். மனைவியோ கணவரோ அந்தத் தாளை ராஜினாமாவுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். குறித்த தேதி வரை வாராவாரம் விசாரிக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலுக்கு மாதம் ஒருமுறை நீங்களே உட்கார்ந்து, மீதிப் பணம் எவ்வளவு, வேலை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள்.