கேள்வி கேட்கும் முறையை முதலில் சொல்லிக் கொடுப்போம்

சென்ற மாதம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு நடந்த, ஊக்கமூட்டும் தன்முனைப்பு முகாம் ஒன்றில் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். பேச வந்தவர், கைப்பேசியை அதிக நேரம் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி அழிந்துவிடும் என்றும், உளவியல் ஆய்வுகள் அதை நிரூபித்துவிட்டன என்றும் அடித்துச் சொன்னார். யாரை வைத்து ஆய்வு செய்தார்கள், ஞாபகசக்தியை எப்படி அளந்தார்கள் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதையே நாம் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. உளவியலின் முடிவுகளை மட்டும் ஊட்டிவிட்டு, அவை எந்த வழியில் கிடைத்தன என்பதை மறைத்து வைப்பது, இந்தப் பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன்.

கைப்பேசியை அதிகம் பார்ப்பவருக்கு மதிப்பெண் குறைவதாகவே வைத்துக்கொள்வோம். பாடம் புரியாத சலிப்பில் கைப்பேசியைக் கையில் எடுக்கும் பிள்ளை இல்லையா? அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்குப் போய்விட, தனியாக இருக்கும் பிள்ளைக்குப் படிப்பும் ஓடாது, கைப்பேசியும் கீழே இறங்காது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவது ஒட்டுறவு. ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று சொல்ல அது மட்டும் போதாது.

சனிக்கிழமைகளில் எங்கள் தோட்டத்துப் பழைய பாலர் பள்ளிக் கட்டடத்தில் 16 மாணவர்களோடு இப்படிக் கேள்வி கேட்கும் முறையைத்தான் பழகி வருகிறேன். முதல் வாரம் பெற்றோரிடம் கேட்பதற்காக அவர்கள் எழுதி வந்த கேள்வித்தாளில், "கைப்பேசியால் உங்கள் பிள்ளையின் படிப்பு எவ்வளவு கெட்டுப்போகிறது?" என்று இருந்தது. கேள்வியே பதிலையும் சொல்லிவிடுகிறது. அன்று அவர்களுக்கு உளவியலாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். வாகன விபத்துக் காட்சிகளை 45 மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, வண்டிகள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். "மோதி நொறுங்கியபோது" என்ற பொருளுள்ள சொல்லால் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கும் மேல் என்றார்கள். "ஒன்றையொன்று தொட்டபோது" என்பது போன்ற சொல்லால் கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். காட்சிகள் எல்லாருக்கும் ஒன்றுதான், மாறியது ஒரே ஒரு வினைச்சொல். பிள்ளைகள் தங்கள் தாளை வாங்கி, "நேற்று இரவு உங்கள் பிள்ளை எத்தனை மணிக்குக் கைப்பேசியைக் கீழே வைத்தார்?" என்று தாங்களாகவே திருத்தினார்கள். அளக்கக் கூடியதாகக் கேட்பது எப்படி என்பதை நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் மனத்தில் நிற்குமா என்று சோதிக்க விரும்பினார்கள். பாட்டுப் பிடித்தவர்கள் ஒரு பக்கம், பிடிக்காதவர்கள் மறுபக்கம் என்று முதலில் பிரிந்து உட்கார்ந்தார்கள். அப்படிப் பிரித்தால், வேறுபாடு பாட்டினால் வந்ததா, ஆளினால் வந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு காலி மைலோ டின்னில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, எட்டு எட்டுப் பேராகப் பிரித்தோம். இரு குழுவுக்கும் அதே 20 சொற்கள், அதே மூன்று நிமிடம்; பாட்டு மட்டும் ஒரு குழுவுக்கு. முடிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பாட்டுக் குழுவில் ஒரு மாணவன் 18 சொற்களை எழுதியிருந்தான். "அவன் எப்போதுமே கெட்டிக்காரன் டீச்சர், அவனை விட்டுவிட்டுக் கணக்குப் போடலாமா?" என்று ஒருத்தி ஆவலோடு கேட்டாள். கூடாது என்றேன். எதிர்பார்த்த விடை வரவில்லை என்பதற்காக ஒருவரை நீக்குவது பொய்க்கணக்கு எழுதுவதற்குச் சமம். எட்டுப் பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதும் அன்றைய பாடம்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஆய்வு நெறி, அதாவது ஆய்வில் பங்கேற்பவருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது. 1920இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர்கள் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும், வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைத் தட்டிப் பேரொலி எழுப்பி, ஒரு கைக்குழந்தைக்கு அந்த எலியிடம் அச்சத்தை உண்டாக்கினார்கள். அந்த அச்சத்தைப் போக்காமலேயே விட்டார்கள். இன்று ஆய்வுகளைப் பரிசீலிக்கும் எந்த நெறிக்குழுவும் அதை அனுமதிக்காது. ஆனால் வரிசையாக ஒட்டியிருக்கும் தோட்ட வீடுகளான லயத்து வாழ்க்கையில் இதைவிடச் சிறிய கவனக்குறைவே பெரிய காயத்தை உண்டாக்கிவிடும். எங்கள் மாணவி ஒருத்தி பக்கத்து வீட்டு அக்காவிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கப் போய், அவர் கணவரின் குடியைப் பற்றியும் எழுதிக்கொண்டு வந்தாள். பெயர் எழுதவில்லையே என்றாள். மூன்று பெண் பிள்ளைகள், கோயிலுக்கு எதிரே வீடு என்று எழுதியிருந்தாள். எங்கள் தோட்டத்தில் அதற்கு மேல் பெயர் எதற்கு?

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். பதில் சொல்ல மறுக்கவும், சொன்னதைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு என்று மாணவியே எடுத்துச் சொன்னாள். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, தூக்கத்தைப் பற்றிச் சொன்னதை வைத்துக்கொள், மற்றதை எடுத்துவிடு என்றார். அவள் அவர் முன்னாலேயே அந்த வரிகளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.