பேக்கர்ஸ் நூறு வருஷமாக முன்னிலையில் இல்லை

"1921 முதல் இன்றுவரை கிரீன் பே பேக்கர்ஸ்தான் சிகாகோ பேர்ஸை அடித்து ஆடுகிறது" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் அமெரிக்கக் கால்பந்து (NFL) அணிகள். ஆட்ட வெறியில் சொன்னது என்று விடலாம், ஆனால் கணக்கு அப்படி இல்லை.

1921-ல் நடந்த முதல் மோதலிலேயே சிகாகோ 20-0 என்று வென்றது. அணிக்கு அப்போது ஸ்டேலிஸ் என்று பெயர். அடுத்த வருஷம்தான் பேர்ஸ் ஆனது. 1985-லிருந்து 1988 வரை தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் பேக்கர்ஸைத் தோற்கடித்ததும் அவர்களே. மொத்த வெற்றிக் கணக்கில் பல பத்தாண்டுகள் பேர்ஸ்தான் முன்னால் இருந்தது.

நிலைமை மாறியது 1992-ல் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) பிரெட் ஃபாவ்ர் பேக்கர்ஸுக்கு வந்த பிறகு. 1994 முதல் 1998 வரை பேக்கர்ஸுக்குத் தொடர்ந்து பத்து வெற்றி. அப்புறம் அவர் இடத்துக்கு வந்த ஆரன் ராட்ஜர்ஸ்! 2021-ல் சிகாகோ மைதானத்திலேயே, இன்னமும் நீங்கள் என் கைக்குள்தான் என்று ரசிகர்களைப் பார்த்துக் கத்தினாரே, அந்தத் திமிருக்குக் காரணம் இருந்தது. சரி, ஒட்டுமொத்தக் கணக்கில் பேக்கர்ஸ் முந்தியது எப்போது? 2017 செப்டம்பரில், தங்கள் சொந்த லாம்போ மைதானத்தில் 35-14 என்று வென்றபோதுதான்.