கரண்ட் போனால் எல்லா எலக்ட்ரிக் பூட்டும் திறந்துகொள்ளாது
"கரண்ட் போனால் எலக்ட்ரிக் பூட்டு தானாகத் திறந்துவிடும், சென்னை ஆபீஸ்களில் சர்வர் கேபினெட்டுக்கு (சர்வர் கம்ப்யூட்டர்களை வைக்கும் அலமாரி) அதைப் போடவே கூடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. காந்தப் பூட்டும், கரண்ட் போனால் திறந்துகொள்ளும்படி செய்த 'ஃபெயில் சேஃப்' வகைப் பூட்டுகளும்தான் அப்படி. காந்தப் பூட்டில் மின்சாரம் பாயும்வரைதான் காந்தம் இரும்புத் தகட்டைப் பிடித்திருக்கும். ஆள் நடமாடும் கதவுகளில் வேண்டுமென்றேதான் அதை வைக்கிறார்கள். தீப்பிடித்தால் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதே.

கேபினெட்டுக்குள் ஆள் இருக்கப்போவதில்லை. அங்கே ஃபெயில் செக்யூர் வகை போடுங்கள். தாழ்ப்பாளை ஸ்பிரிங் வெளியே தள்ளிப் பிடித்திருக்கும்; கார்டைக் காட்டினால் சோலினாய்டுக்கு (மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி இழுக்கும் கம்பிச் சுருள்) மின்சாரம் போய் அதை உள்ளே இழுக்கும். கரண்ட் போனாலும் பூட்டு பூட்டியபடியே கிடக்கும்.

உண்மையான சிக்கல் வேறு. மழைக்குத் தண்ணீர் தேங்கி, மின்வாரியம் லைனை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுக்கு மின்சாரம் தரும் யுபிஎஸ் அதே கேபினெட்டுக்குள் செத்துக் கிடந்தால் கதவை எப்படித் திறப்பீர்கள்? அதனால் சாவித் துவாரம் உள்ள மாடலையே வாங்குங்கள், சாவி செக்யூரிட்டி மேசையில் கையெழுத்து வாங்கித் தரும்படி இருக்கட்டும். அப்புறம், சில மாடல்கள் ஃபெயில் சேஃப், ஃபெயில் செக்யூர் என இரண்டு வகையிலும் வரும். ஆர்டர் போடும்முன் லேபிளைப் பாருங்கள்.